பந்தின் விலையும் நிலத்தின் சரிவும்: தமிழகக் கிளப் கிரிக்கெட்டில் மாற்றுப் பந்துகள்

கொடைக்கானல் மலையில் அமைப்பாக முதலில் வேரூன்றிய விளையாட்டுகளைப் பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் மலையேறி வீடு கட்டத் தொடங்கினார்கள். 1890இல் படகுக் குழாம் வந்தது. 1895இல் கோல்ஃப் கிளப். அதே 1895இல்தான் நகரத்துக்குச் சற்றுக் கீழே, செண்பகனூரில், இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். படகு விட ஏரி போதும். கோல்ஃபுக்கு மேடு பள்ளம் ஒரு தடையல்ல, இருந்தால் இன்னும் ருசி. கிரிக்கெட்டுக்கோ நடுவில் 22 கஜம் சீரான தரை வேண்டும், அதைச் சுற்றி நாலாபுறமும் அறுபது எழுபது கஜமாவது சமதளம் வேண்டும். செண்பகனூர்ப் பக்கம் அப்படி ஒரு துண்டு நிலம் அகப்பட்டால் அது ஏற்கனவே படிவயலாகியிருக்கும். உருளைக்கிழங்கோ கேரட்டோ பூண்டோ விளைந்துகொண்டிருக்கும்.

கிரிக்கெட் வரலாறு எழுதுபவர்கள் பந்தின் மாற்றங்களைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கெர்ரி பாக்கர் 1977இல் வெள்ளைப் பந்தை விளக்கொளிக்குக் கொண்டுவந்தார். 2015இல் அடிலெய்டில் இளஞ்சிவப்புப் பந்தில் முதல் டெஸ்ட் நடந்தது. இந்தியா 2019இல் கொல்கத்தாவில் அதைப் பின்பற்றியது. தேதிகள் சரிதான். ஆனால் மாற்றுப் பந்தைத் தேடும் வேலையில் பெரும்பகுதி சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களின் மைதானங்களில், எந்த வாரியமும் கேட்டுக்கொள்ளாமலே, நடந்து முடிந்திருக்கிறது. எந்தப் பந்தில் ஆடுவது என்பதை அங்கே தீர்மானித்தவை மூன்று: நிலம், பணம், வெளிச்சம். விதிப்புத்தகம் நான்காவதாகத்தான் வந்தது. தமிழகத்தை மையமாக வைத்து இதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் பந்து வந்த வழி

பந்தின் எடை ஐந்தரை அவுன்ஸுக்குக் குறையாமலும் ஐந்தே முக்கால் அவுன்ஸுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று 1774ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. கிராமில் சொன்னால் ஏறக்குறைய 156 முதல் 163 வரை. இரண்டரை நூற்றாண்டாக அந்த எடை மாறவில்லை. மட்டையின் வடிவம், பந்துவீசும் முறை, காலுறை, ஓவருக்கு எத்தனை பந்து என்று மற்றதெல்லாம் மாறியது. சுற்றளவைக்கூட 1927இல் சற்றுக் குறைத்தார்கள். எடைமீது மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

இந்த எடைக்குள் ஒரு கைவினை அடங்கியிருக்கிறது. நடுவில் கார்க். அதன்மேல் நூலை ஈரத்தோடு இறுக்கிச் சுற்றி, காயவிட்டு, மறுபடி சுற்றுகிறார்கள். மேலே நான்கு துண்டுத் தோல். இரண்டிரண்டு துண்டுகளை உள்பக்கமாகத் தைத்து அரைக்கோளம் ஆக்கி, இரண்டு அரைக்கோளங்களையும் வெளியே ஆறு வரிசைத் தையலால் இணைக்கிறார்கள். நான்கு துண்டுப் பந்துக்கும் இரண்டு துண்டுப் பந்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கீழ் டிவிஷன்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் பயிற்சி வலைகளிலும் பெரும்பாலும் உருளுவது இரண்டு துண்டுப் பந்துதான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, நிறம் ஒன்று. ஆனால் இருபதாவது ஓவரில் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு வேறு பொருள்கள்.

சென்னையில் தோல் பந்து 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்போடு நிலைகொண்டது. அந்த கிளப் வெள்ளையருக்கு உரியது. இந்தியர்களுக்கு ஒரு கிளப் வேண்டும் என்று புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். பொங்கலை ஒட்டி ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய பிரெசிடென்சி ஆட்டம் 1915 முதல் ஆண்டுதோறும் நடந்தது. 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்தில்தான். மைசூருக்கு எதிராக மெட்ராஸ். எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார், ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுத்தார், ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இந்த வரலாறு பலரும் எழுதியது. அதில் விடுபட்டுப்போவது பந்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற கேள்வி. புச்சி பாபு போன்ற செல்வந்தர் ஒருவர் பின்னால் நின்றால்தான் இந்தியர் கிளப் உயிரோடிருக்க முடிந்தது என்பதற்குத் தோல் பந்தும் அது கேட்கும் தளவாடங்களும் முக்கியக் காரணம்.

இந்தியாவிலேயே பந்து செய்யும் தொழில் வளர்ந்தது சியால்கோட்டில். 1931இல் அங்கே ஆனந்த் சகோதரர்கள் தொடங்கிய சான்ஸ்பரெய்ல்ஸ் நிறுவனமே இன்று எஸ்.ஜி. என்று அறியப்படுவது. 1947 பிரிவினையில் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது. தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் தொழிலோடு எல்லை கடந்து மீரட்டுக்கு வந்தார்கள். இந்திய மண்ணில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களில் இப்போது ஆடுவது இந்த மீரட் பந்துதான். சென்னையின் கிளப்புகளுக்கு இதனால் கப்பலில் வரும் பந்தை நம்ப வேண்டிய நிலை மாறியது. பந்து மலிந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சங்கடம் தரை. சென்னை லீக்கின் பல மைதானங்களில் வெகுகாலம் ஆட்டம் நடந்தது விரிப்பின் மேல். மண்ணை இறுக்கி, அதன்மேல் தென்னைநார் அல்லது சணல் விரிப்பை இழுத்துக்கட்டி, ஓரங்களில் ஆணி அடித்துவிடுவார்கள். புல் விக்கெட்டைப் பராமரிக்கத் தண்ணீரும் ஆளும் வேண்டும், விரிப்புக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் விரிப்பு பந்தைத் தின்றுவிடும். நார் உரசி உரசி முதல் பத்து ஓவரிலேயே பளபளப்பு போகும், தையல் பிசிறடிக்கும். ஸ்விங் பந்துவீச்சாளருக்கு அங்கே ஆயுசு குறைவு. விரலால் சுழற்றுபவரும், விரிப்பைக் குத்தி எழுப்பும் கட்டரை வீசுபவரும் பிழைத்துக்கொள்வார்கள். சென்னையிலிருந்து சுழற்பந்து வீச்சாளர்கள் தலைமுறை தலைமுறையாக வந்ததற்கு வெப்பத்தையும் மண்ணையும் காரணம் காட்டுவார்கள். விரிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து.

கார்க்கும் டென்னிஸும்

தோல் பந்தின் உண்மையான விலை கடையில் சொல்லும் விலை அல்ல. அந்தப் பந்தைக் கையில் எடுத்த கணமே இரு ஜோடிக் காலுறை, கையுறை, விக்கெட் கீப்பர் உறை, இடுப்புக் காப்பு, தலைக்கவசம், நல்ல வில்லோ மட்டை எல்லாம் கூடவே வந்து நிற்கும். பந்தை மாற்றினால் இந்த மொத்தச் செலவும் கழன்றுபோகும். தமிழகத்தின் சிற்றூர்களும் நகரத்துத் தெருக்களும் செய்தது இதைத்தான்.

முதலில் கார்க் பந்து. கார்க் தூளை ரப்பரோடு கலந்து அச்சில் வார்த்து, மேலே சிவப்புச் சாயம் பூசிய பந்து அது. தையல்போல ஒரு மேடு ஓடும், நூல் கிடையாது. புதிதாக இருக்கும்போது தோல் பந்தைப் போலவே தெரியும். நாலு நாள் கட்டாந்தரையில் உருண்டதும் சாயம் உரிந்து பழுப்புத் திட்டுகள் வெளியே வரும். ஆனாலும் பந்து உடையாது. மழையில் நனைந்தாலும் ஊறாது. செலவு குறைந்த இந்தப் பந்து ஒரு விதத்தில் தோல் பந்தைவிடக் கொடியது. கல்லைப் போன்ற கடினம், கொஞ்சமும் வளைந்துகொடுக்காது. காலுறை இல்லாமல் கார்க் பந்தில் ஆடிய ஊர்களில் முழங்காலுக்குக் கீழே வீங்காத ஆட்டக்காரர் குறைவு. மலிவுக்குக் கொடுத்த விலையை உடம்பு செலுத்தியது.

டென்னிஸ் பந்து அந்த வலியையும் நீக்கியது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் அளவுப்படி ஒரு பந்து 56 முதல் 59.4 கிராம் வரை. கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். நூறு அங்குல உயரத்திலிருந்து கடினத் தரையில் விட்டால் அது பாதிக்கு மேல் எழ வேண்டும். தோல் பந்து எழுவது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இந்த இரு எண்களுக்குள்ளேயே தெரு கிரிக்கெட்டின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. நல்ல அளவில் குத்திய டென்னிஸ் பந்து மார்புயரத்துக்கு வந்து நிற்கும். மட்டையாளர் காத்திருந்து தூக்கி அடிப்பார். ஆகவே பந்துவீச்சாளர் தரையைத் தவிர்க்கிறார். காலடியில் இறங்கும் யார்க்கர், வேகத்தை மறைத்த மெதுபந்து, விரல்களால் சொடுக்கி விடும் சுழல் ஆகிய மூன்றும்தான் அவருடைய ஆயுதங்கள். பந்து நின்று வருவதால் மட்டையாளர் நேர்கோட்டு டிரைவைவிடக் குறுக்கு மட்டையை நம்புகிறார்.

பந்தின் விலை விதிகளையும் எழுதியது. சுவரைத் தாண்டினால் அவுட், எதிர்வீட்டு மாடிக்குப் போனால் அவுட், பந்தைத் தொலைத்தவரே வாங்கித் தரவேண்டும், ஒரு குத்துக் குத்தி ஒரு கையில் பிடித்தால் அவுட் என்றெல்லாம் தெருவுக்குத் தெரு சட்டங்கள் உண்டு. எறிந்து வீசுபவரை ‘மாங்கா’ என்று கத்தி நிறுத்துவார்கள். வேறு அம்பயர் இருக்க மாட்டார். இரண்டு தெருக்களுக்கு இடையே பெட் மேட்ச் என்றால் பந்தயம் பலசமயம் பணம், சில சமயம் பந்தேதான். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் மேரிலபோன் கிளப் இந்தச் சட்டங்களைப் பார்த்தால் சிரிக்கலாம். ஆனால் எந்த விளையாட்டு விதியும் அடிப்படையில் ஏதோ ஒரு பற்றாக்குறையைப் பங்கிடும் ஏற்பாடு. இங்கே பற்றாக்குறையான பொருள் பந்து.

பிறகு டென்னிஸ் பந்துக்குள்ளேயே பிரிவு வந்தது. மெல்லிய டென்னிஸ் பந்து சிறுவர்களுக்கு என்றும், சுவர் தடித்த கனமான பந்து பரிசுப் போட்டிகளுக்கு என்றும் ஆனது. ஊர்த் திருவிழாவை ஒட்டியும் பொங்கல் விடுமுறையிலும் நடக்கும் போட்டிகளின் நோட்டீஸில் என்ன பந்து என்பதை நுழைவுக் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுவார்கள். அது தெரியாமல் எந்த அணியும் வராது. கராச்சியில் 1980களில் டென்னிஸ் பந்தின்மேல் மின்வயர் டேப் சுற்றி ஆடத் தொடங்கியது வேறொரு கிளை. டேப்பு ரோமத்தை மறைத்து வேகத்தைக் கூட்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் பந்து காற்றில் வளையும். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சின் நாற்றங்கால் என்று அதைச் சொல்வார்கள். தமிழகத்தில் டேப் பந்து அந்த அளவுக்கு ஓங்கவில்லை. இங்கே ரப்பர் பந்தும் கன டென்னிஸ் பந்துமே ராஜாக்கள். 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ திரைப்படம் ஊர் அணிகளையும் அந்தப் பந்தையும் நடுவில் வைத்தே கதை சொன்னது. 2007இல் ‘சென்னை 600028’ தெரு அணிகளைத் திரைக்குக் கொண்டுவந்தபோது விமர்சகர்கள் புதுமை என்றார்கள். பார்வையாளர்களுக்கு அது அன்றாடம்.

இரண்டாயிரம் மீட்டரில் பந்து

மலைக்குத் திரும்பினால் பந்தின் கதைக்கு இன்னொரு முகம் கிடைக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில், மலையின் குளிரையும் கணக்கில் எடுத்தாலும், காற்றின் அடர்த்தி சென்னைக் கோடைக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஸ்விங் என்பது தையலின் இருபுறமும் காற்று பிரிந்து ஓடும் விதத்தால் வருவது. காற்று இளைத்தால் வளைவும் இளைக்கும். தூக்கி அடித்த பந்தைத் தடுக்கும் விசையும் அதே விகிதத்தில் குறையும். ஒரே வேகத்தில் செல்லும்போது, எடை குறைந்த டென்னிஸ் பந்தைக் காற்று தோல் பந்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விரைவாக மட்டுப்படுத்துகிறது. ஆகவே காற்றுத்தடை குறைவதன் லாபமும் டென்னிஸ் பந்துக்கே அதிகம். சமவெளியில் மிட்விக்கெட்டில் பிடிபடும் அடி, மலையில் வேலியைத் தாண்டிவிடும்.

தாண்டிய பந்து எங்கே போகிறது என்பதுதான் மலை ஆட்டத்தின் கேள்வி. சமவெளியில் எல்லைக்கு அப்பால் ரோடோ வயலோ இருக்கும். ஒரு பையன் ஓடி எடுத்து வருவான். செண்பகனூர்ச் சரிவில் எல்லைக்கு அப்பால் புதரும், அதற்குக் கீழே காட்டாறும். அங்கே விழுந்த பந்துக்காக ஆட்டம் கால்மணி நேரம் நிற்கும், பந்து கிடைக்காமலும் போகும். ஒரு பிற்பகலில் இரண்டு மூன்று பந்து போகக்கூடிய இடத்தில் நான்கு துண்டுத் தோல் பந்தை எடுத்துவருவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும், அல்லது மிகுந்த பணம்.

மூன்றாவது, ஈரம். பழனி மலைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை கனமாக இறங்கும். மழையில்லாத நாளிலும் பிற்பகல் மூடுபனி மேலேறி வந்து புல்லை நனைத்துவிடும். தோல் ஈரத்தை உறிஞ்சும். நனைந்த பந்து கனக்கும், தையல் நூல் உப்பும், விரலுக்குப் பிடி கொடுக்காது. வெயிலில் காய்ந்தபின் வடிவமே கோணும். டென்னிஸ் பந்தின் ரோமமும் நனையும், ஆனால் நாலு தட்டுத் தட்டினால் தண்ணீர் சிதறிவிடும். மூடுபனியில் சிவப்புப் பந்து சாம்பல் நிறமாகத் தெரியும், மஞ்சள் டென்னிஸ் பந்து தெளிவாகத் தெரியும். கொல்கத்தாவிலும் அடிலெய்டிலும் பெருஞ்செலவில் ஆராய்ந்த வெளிச்சப் பிரச்சினைக்கு மலைப் பையன்களின் பையில் விடை முன்பே இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. முழுப்பொய் அல்ல.

தோலைப் பற்றிப் பேசும்போது ஒரு கிளைக்கதையையும் சொல்ல வேண்டும். பழனி மலையின் மேல்தட்டில் புல்வெளிகளை மூடிக்கொண்டு நிற்கும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிடும் தொழிலுக்காகவே அதைப் பெருமளவில் பயிரிட்டார்கள். மலையடிவாரத்துத் திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். இந்தச் சங்கிலியைப் பார்ப்பவர் பழனி மலைப் பட்டை கிரிக்கெட் பந்திலும் இருக்கும் என்று நினைத்துவிடலாம். கிடையாது. திண்டுக்கல்லின் கீர்த்தி ஆட்டுத் தோலில்; பந்துக்கு வேண்டியது மாட்டுத் தோல், அதையும் படிகாரத்தில் பதனிட்டு வெண்மையாக்கிப் பிறகு சாயமேற்றுகிறார்கள். மரம் மலையை மூடியது, பந்துக்கு உதவவில்லை. 

தெருவிலிருந்து டிவிஷனுக்கு

டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர் தோல் பந்துக்கு மாற முடியுமா என்பது தமிழகக் கிரிக்கெட்டில் நெடுநாள் விவாதம். பயிற்சியாளர்கள் பலர் முடியாது என்றார்கள். டென்னிஸ் பந்தில் ஆடினால் தோளும் மணிக்கட்டும் கெட்டுவிடும் என்று அகாடமிப் பையன்களைத் தெருவுக்கு அனுப்பாத பெற்றோர் உண்டு. கடந்த பதினைந்து ஆண்டுகளின் அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன் இருபது வயதை ஒட்டிய காலம்வரை டென்னிஸ் பந்து ஆட்டக்காரர். உள்ளூர் வழிகாட்டி ஜெயப்பிரகாஷின் தூண்டுதலால் சென்னைக்கு வந்து, நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கி முதல் டிவிஷனுக்கு ஏறினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிய உடனேயே அவருடைய வீச்சுமுறைமீது சந்தேகம் கிளம்பியது. கையைத் திருத்தி எழுந்து வர அவருக்குக் காலம் பிடித்தது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு வீசிய யார்க்கர்கள் அவரை ஐ.பி.எல். ஏலத்துக்குக் கொண்டுபோயின. 2020 டிசம்பரில் ஒருநாள் ஆட்டமும் இருபது ஓவர் ஆட்டமும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். இந்த வரலாற்றில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யார்க்கர் டென்னிஸ் பந்தின் கொடை. கையின் சந்தேகமும் அதே பந்தின் எச்சமாக இருக்க வாய்ப்புண்டு; 58 கிராம் பந்தை வேகமாகத் தள்ள முழங்கை செய்யும் சமரசத்தை ‘மாங்கா’ என்று கத்தும் நண்பர்கள் அளந்து சொல்ல முடியாது.

வருண் சக்கரவர்த்தியின் பாதை இன்னும் வளைந்தது. பள்ளியில் விக்கெட் கீப்பர். பின்னர் கட்டடக்கலை படித்து வேலைக்குப் போனவர். நடுவே டென்னிஸ் பந்து. கிளப் கிரிக்கெட்டுக்கு வேகப்பந்து வீச்சாளராகத் திரும்பிக் காயப்பட்டு, நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காகப் புதிர்ச் சுழற்பந்து வீசத் தொடங்கினார். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணிக்கு ஆடிய அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். அஸ்வினோ முறையான லீக் வழியில் வந்தவர்; ஆனால் நடுவிரலால் சொடுக்கி விடும் பந்தைத் தாம் கற்றது சென்னைத் தெருவின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அதன் உள்ளூர்ப் பெயர் ‘சொடுக்கு பால்’. இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 2008இல் அதே உத்தியால் இந்திய மட்டையாளர்களைத் திணறடித்தபோது உலகம் அதற்கு ‘கேரம் பால்’ என்று பெயரிட்டது. 2024இல் வெளிவந்த தன்வரலாற்றின் தலைப்பிலேயே அஸ்வின் தெருக்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

நடராஜனையும் வருணையும் சேர்த்துப் பார்த்தால், சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களே இரு பந்துகளுக்கும் நடுவிலான வாசல் என்பது புலப்படும். அங்கே பார்வையாளர் இல்லை, ஊதியம் இல்லை. விரிப்பின்மேல் இரண்டு துண்டுத் தோல் பந்து. கன டென்னிஸ் பந்தில் பழகிய விரல் தையலைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த இடம் ஓரிரு பருவம் அவகாசம் தந்தது. முதல் டிவிஷனில் நேராக இறக்கியிருந்தால் இவர்களில் ஒருவரும் தேறியிருப்பார்களா என்பது சந்தேகம்.

வாரியம் நடத்திய சோதனைகள்

அதிகாரபூர்வச் சோதனைகளை விரைவாகவே கடந்துவிடலாம். 1996-97 ரஞ்சி இறுதி குவாலியரில் விளக்கொளியில், வெள்ளைப் பந்தில் நடந்தது. மும்பையும் டெல்லியும் ஆடின. அந்த முயற்சி தொடரவில்லை. சிவப்புத் தோலில் சாயம் உள்ளே ஊறியிருக்கும். வெள்ளைப் பந்தில் மேலே பூசிய பூச்சுதான். நீண்ட ஆட்டத்தில் அது அழுக்கேறிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இளஞ்சிவப்பு அதற்கு மாற்றாக வந்தது. 2008இல் லார்ட்ஸில் மேரிலபோன் கிளப் ஸ்காட்லாந்துக்கு எதிராக அதைச் சோதித்தது. 2010இல் அபுதாபியில் டர்ஹாம் அணியோடு விளக்கொளியில் ஆடியது. பச்சை நூல் தையல் இரவில் தெரியவில்லை என்று மட்டையாளர்கள் சொல்லவே கூகபரா நிறுவனம் கறுப்பு நூலுக்கு மாறியது.

இந்தியாவில் பல நாள் ஆட்டத்தில் இளஞ்சிவப்புப் பந்து முதலில் இறங்கியது ஒரு கிளப் ஆட்டத்தில் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 2016 ஜூன் 18ஆம் தேதி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் சூப்பர் லீக் இறுதி தொடங்கியது. மோகன் பகானும் பவானிபூரும் நான்கு நாள் ஆட்டத்தில் மோதின. பந்து கூகபரா. மோகன் பகானுக்கு விருத்திமான் சாஹாவும் முகமது ஷமியும் ஆடினார்கள். ஷமி ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். சங்கத்தின் தலைவர் அப்போது சௌரவ் கங்குலி. அதே ஆண்டு துலீப் கோப்பை கிரேட்டர் நொய்டாவில் அதே நிறப் பந்தில் நடந்தது. வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியா தன் முதல் பகலிரவு டெஸ்டை 2019 நவம்பர் 22இல் ஈடனில் தொடங்கியபோது பந்து எஸ்.ஜி.யாக மாறியிருந்தது, மூன்றாம் நாளே இன்னிங்ஸ் வெற்றி. கங்குலி அதற்குள் இந்திய வாரியத் தலைவர் ஆகியிருந்தார்.

இங்கே கிளப் ஆட்டக்காரர்களின் பங்கு விசித்திரமானது. இரு அணிகளுக்கும் அது ஒரு பருவத்தின் கோப்பை, வாரியத்துக்கோ வெள்ளோட்டம். புதிய பந்து மாலை மங்கும் நேரத்தில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், அந்த அரைமணி நேரத்தில் மட்டை பிடிக்க நேர்ந்தவர்தான் சோதனைக்கு உட்பட்டவர். தெருவில் பந்தைச் சோதித்தவர்கள் தங்களுக்காகச் சோதித்தார்கள், முடிவையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஈடனில் சோதனையைக் கேட்டவர் வேறு, சோதனைப்பட்டவர் வேறு.

இனி எந்தப் பந்து

தோலின் விலை இப்போது கிளப் கிரிக்கெட்டை மறுபடி நெருக்குகிறது. மகாராஷ்டிரத்தில் 2015இலும் உத்தரப் பிரதேசத்தில் 2017இலும் மாட்டிறைச்சி, இறைச்சிக்கூடம் தொடர்பாக வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு மீரட் பட்டறைகளுக்கு நல்ல தோல் கிடைப்பது கடினமானது. ஏற்றம் முதலில் தெரிவது பெரிய ஆட்டத்தில் அல்ல, நான்காம் ஐந்தாம் டிவிஷன் கிளப்பின் செயலாளர் கடைக்குப் போகும்போது. இங்கிலாந்தில் பெர்க்‌ஷையரின் எர்லி கிரிக்கெட் கிளப் 2019இல் விலங்குத் தோலே இல்லாத ரப்பர் மேலுறைப் பந்தில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தது. அங்கே காரணம் உணவு அறம். பந்து கூடுதலாக எழும்பியது என்பது ஆடியவர்கள் கண்டது. நம் ஊர்க் கார்க் பந்துக்காரர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.

இன்னொரு பக்கம், டென்னிஸ் பந்து ஏழையின் மாற்று என்ற நிலையிலிருந்து தனி விளையாட்டாகவே நகர்கிறது. 2024 மார்ச்சில் தாணேயில் தொடங்கிய இந்தியன் ஸ்ட்ரீட் பிரீமியர் லீக் மைதானத்தில், விளக்கொளியில், பத்து ஓவர் ஆட்டமாக டென்னிஸ் பந்தை வைத்து ஏலமே நடத்தியது. சென்னை அணி நடிகர் சூர்யாவுடையது. அதன் ஆட்டக்காரருக்குத் தோல் பந்துக்கு மாற வேண்டிய கட்டாயம் இனி இல்லை. கீழ் டிவிஷன் என்ற வாசல் வழியே வருபவர் எண்ணிக்கை இதனால் குறையக்கூடும்.

விதிகளைப் புரட்டினால் ஒரே பந்து என்ற பிடிவாதத்துக்கு அங்கேயே இடமில்லை. மகளிர் பந்து 140 முதல் 151 கிராம். சிறுவர் பந்து அதனினும் எடை குறைந்தது. எடைக்கு விலக்கு தர முடிந்த விதி, மேலுறைக்கும் தரலாம். திண்டுக்கல் மாவட்டம் இதற்குப் பொருத்தமான களம். 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் நத்தத்தின் என்.பி.ஆர். கல்லூரி மைதானம்போல் பிரீமியர் லீக் தரத்து விளக்கொளி அரங்கமும் இருக்கிறது, செண்பகனூர்போல் சமதளத்துக்கு ஏங்கும் சரிவும் இருக்கிறது. ஒரே பருவத்தில் இரு இடங்களிலும் விரிப்பின்மேல் தோல் பந்தையும் நீர் புகாத செயற்கை மேலுறைப் பந்தையும் மாறி மாறிக் கொடுத்து ஆடச் செய்யலாம். பத்து ஓவருக்கு ஒருமுறை எடை, இரண்டு மீட்டரிலிருந்து விட்டால் எழும் உயரம், தையலின் நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கூடவே ஓர் ஓவருக்கு எத்தனை ரூபாய் பந்து கரைந்தது என்ற கணக்கையும். சோதிக்கப்படும் கிளப்புகளின் செயலாளர்களே அந்தக் குறிப்பேட்டை வைத்திருக்க வேண்டும், எந்தப் பந்தில் அடுத்த பருவம் ஆடுவது என்று வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்கே இருக்க வேண்டும்.